திண்ணையிலிருந்து மாலை வகுப்பு வரை: கொங்கு நாட்டில் எழுத்தறிவுத் தொண்டு

யூபிலி மலர் என்றாலே ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள், கோபுரம் எழுந்த ஆண்டு, பங்கை நடத்திச் சென்ற குருக்களின் வரிசை ஆகியவற்றை எழுதுவது மரபு. அவை இம்மலரின் பிற பக்கங்களில் முறையாக இடம்பெற்றுள்ளன. எனவே இக்கட்டுரையில் நாம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். நம் கொங்கு நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் கையில் எழுத்து எப்படி வந்து சேர்ந்தது, யார் யார் அதற்காகக் கூலி எதிர்பாராமல் உழைத்தார்கள், இன்னும் யாருக்கு அது வந்து சேரவில்லை என்பதே நாம் சொல்லப்போகும் செய்தி. பங்கு மக்களில் பெரும்பாலோர் தம் பாட்டனாரோ பாட்டியாரோ கைநாட்டு வைத்ததைக் கண்டவர்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான கதை அல்ல.

வெள்ளைக்காரர் வரும் முன் நம் ஊரில் பள்ளியே இல்லை என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் மாதத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை நாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். அப்போது கோவைக்குக் கலெக்டராக இருந்தவர் ஜான் சலிவன். உதகமண்டலத்தை உண்டாக்கியவர் என்று நாம் அறிந்த அதே சலிவன்தான். அவர் அனுப்பிய கணக்கின்படி கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. மாகாணம் முழுவதையும் கூட்டி 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று காண்கிறோம்.

இத்தொகையைக் கண்டு பெருமைப்படுவோர் உண்டு. பெருமைப்பட இடமும் உண்டு. ஆனால் அதே கணக்கில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும். மாகாணம் முழுவதிலும் 4,540 பேர். நூறு மாணவருக்கு இரண்டரைப் பெண்கள்கூட இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாய் வைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளோ திண்ணையின் பக்கம் நெருங்கவே வழியில்லாதிருந்தார்கள். ஆக, பள்ளி இருந்தது. வாசற்படி எல்லோருக்கும் இல்லை. நம் கட்டுரையின் கதை முழுவதும் இந்த வாசற்படியைப் பற்றியதுதான்.

திண்ணைப் பள்ளியின் முறையைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் அது உலகமெல்லாம் சுற்றிவந்த முறை. அண்ணாவி ஒருவர் இருப்பார். அவருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை. அதாவது படிப்பில் சற்றே முன்னேறிய மூத்த மாணவன். புதிதாய் வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுத வைப்பது பெரும்பாலும் இவன் வேலை. மணலில் எழுத்து படிந்த பின்புதான் பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். காகிதமோ சிலேட்டோ வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மணல் உண்டு. எழுதினால் அழிக்கலாம், அழித்தால் மறுபடி எழுதலாம், செலவு ஒரு காசும் இல்லை.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடந்த அநாதைப் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்து வந்தார். ஒரு நாள் வழியில் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதை அவர் 'மலபார்' பள்ளி என்று எழுதியிருக்கிறார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் அப்படித்தான் அழைத்தார்கள். தம் பள்ளியிலும் மணலைக் கொண்டுவரச் சொன்னபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார் பெல். பையன் வெற்றி பெற்றான். 1797-ல் இதைப் பற்றிப் பெல் லண்டனில் ஒரு நூல் வெளியிட, அது 'சென்னை முறை' என்ற பெயரில் பரவி, இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. பின்னர் அதே முறை 'மானிட்டர்' என்ற பெயரைச் சூடிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்தது. நம் வீட்டுச் சரக்கைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, அயல்நாட்டுப் பொருளாக விலைகொடுத்து வாங்கிய கதைகள் நமக்குப் பல உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

இனி நம் திருச்சபைக்கு வருவோம். கொங்கு நாட்டில் கத்தோலிக்க மறை 17-ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்களால் விதைக்கப்பட்டது. கருமத்தம்பட்டி அதன் பழம்பெரும் இருப்பிடம். அக்காலத்தில் ஒரு குருவானவர் பல நாள் பயணத் தொலைவுள்ள ஊர்களை ஒருவராகவே பார்த்து வந்தார். அவர் வராத மாதங்களில் மந்தையைக் காத்தவர்கள் உபதேசியார்கள். ஜெபங்களும் ஞானோபதேசமும் வாய்வழியாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டன; மக்களும் மனப்பாடமாகவே கற்றார்கள். நம் பாட்டிமார் எழுத்தறியாதவர்களாயினும் 'பிரார்த்தனை' முழுவதையும் ஓரெழுத்துப் பிசகாமல் சொன்னார்களே, அது இந்தப் பயிற்சியின் பயன்தான். அவர்களுடைய விசுவாசத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மனப்பாடம் இருந்ததால் எழுத்து அவசரமாகத் தோன்றவில்லை. வேதாகமத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்கவேண்டும் என்று கொண்ட சீர்திருத்த சபையார், ஊருக்கு ஊர் பள்ளி வைப்பதில் நம்மை முந்தினார்கள். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு மறு ஆண்டே பள்ளி தொடங்கிவிட்டார். கோவையிலும் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த அடிஸ் பாதிரியார் 1830-ல் வந்து குடியேறிப் பள்ளித் தொண்டில் இறங்கினார். இதைச் சொல்வதால் நமக்கு ஒரு குறையும் இல்லை.

நம் பக்கத்தில் விழிப்பு ஏற்பட்டது 1844-ல். அவ்வாண்டு புதுச்சேரியில் பொன்னாந்து ஆண்டகை கூட்டிய சினோது எனும் குருக்கள் மாமன்றம், பள்ளிகளைப் பெருக்கவேண்டும், நாட்டுக் குருக்களை உருவாக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி அடிகளார், பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற திரு இருதய சபையைப் புதுச்சேரியில் நிறுவினார். இவர் மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். முசே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர். அகராதி தொகுத்த அறிஞர் ஒருவர், அகரம் அறியாத சிறுமிகளைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தச் சினோதின் ஆர்வத்தை நெஞ்சில் ஏந்தியவராய்க் கோவைக்கு வந்தவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை. 1845-ல் கோவை தனி மறைப்பணித் தளமாகப் பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. 1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். 1850-ல் கோவை அப்போஸ்தலிக்க விகாரியத்தாக உயர்ந்தது. இவர் காலத்தில்தான், 1853-ல், ஜோசப் லூயி ரவேல் அடிகளார் கோவையில் காணிக்கை மாதா கன்னியர் சபையைத் தொடங்கினார். இன்று பிரான்சிஸ்கன் காணிக்கை அன்னை சபை என்று நாம் அறியும் சகோதரிகள் இவர்களே.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். கோவைக்கு ரயில் வரவில்லை. ஆலைகள் இல்லை. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று பெரிய மனிதர்களே பேசிய காலம். ஐரோப்பாவிலிருந்து சகோதரிகளை வரவழைத்தால் அவர்களுக்கு மொழி தெரியாது. வீட்டுக்குள் இருக்கும் தாய்மார் அவர்களிடம் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே பெண்களுக்குக் கற்பிப்பது என்ற எண்ணம் அப்படிப்பட்ட ஊரில் வேர்விட்டது. அச்சபையின் சகோதரிகள் 1948-ல் கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1853-க்கும் 1948-க்கும் இடையே 95 ஆண்டுகள். அரிச்சுவடியிலிருந்து பட்டப்படிப்பு வரை ஏற அத்தனை காலம் பிடித்தது. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் ஆயிரத்துக்கு ஆறு பேர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த 95 ஆண்டு நீண்டதாகத் தோன்றாது.

ஆண் பிள்ளைகளுக்குப் புனித மைக்கேல் பள்ளி 1860-ல் தொடங்கியது. இப்பள்ளியைப் பற்றி நம் வாசகர்களில் பலர் நம்மைவிட அதிகம் அறிவார்கள். அங்கே பிரம்படி வாங்கியவர்களும் இருப்பார்கள். ஆகவே விரிக்கவில்லை.

பிரெசிலாக் ஆண்டகை கோவையில் நெடுநாள் தங்கவில்லை. சாதி வழக்கங்களை மறைப்பணியில் எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்ற 'மலபார் சடங்குகள்' பற்றிய வினாவும், நாட்டுக் குருக்களை உருவாக்குவதில் மற்றவர்களோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையும் அவர் மனத்தை அரித்தன. 1854-ல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்; மறு ஆண்டு அது ஏற்கப்பட்டது. 1856 டிசம்பர் 8-ல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859 ஜூன் 25-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கொள்ளைக் காய்ச்சலுக்கு இரையானார். 2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார்.

அவர் மனத்தை அரித்த கேள்வி அவரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. கோவிலில் தனி இடம், பள்ளியில் தனி இடம், கல்லறையில் தனி இடம் என்ற கொடுமை தமிழகத் திருச்சபையில் பல தலைமுறை நீடித்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. விழா மலர் என்பதற்காக நாமும் மறைக்கவேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கென்று சென்னை அரசே சிறப்பு மானியம் வகுத்தது 1893-ல்தான். மிஷன் பள்ளிகள் பல ஊர்களில் அவர்களுக்குக் கதவு திறந்தன என்பது உண்மை. திறந்த கதவுக்குள் எங்கே உட்கார வைத்தார்கள் என்பது வேறு கேள்வி. கொங்கு நாட்டில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளிடம் எழுத்து வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு, 2009-ல் தமிழக அரசு அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வழங்க வேண்டியிருந்ததே போதிய சான்று.

பிறகு ஆலைகள் வந்தன. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றிலும் புகைபோக்கிகள் எழுந்தன. ஆலைச் சங்கு எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. அதே சங்கு பிள்ளைகளையும் அழைத்தது. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 7 வயதுப் பிள்ளை தாராளமாய் வேலை செய்யலாம் என்பதே அதன் மறுபக்கம். 1891-ல் அந்த வயது 9 ஆயிற்று, 1922-ல் 12, நாடு விடுதலை பெற்ற பின், 1948-ல்தான் 14. பகலில் ஆலைக்கும் தறிக்கும் போன பிள்ளைக்குப் பகல் பள்ளியால் பயன் இல்லை. அதனால்தான் இரவுப் பள்ளிகள் தோன்றின. மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு கரும்பலகை, பாய், அதே தெருவில் நாலெழுத்துப் படித்த ஓர் இளைஞர்: இரவுப் பள்ளிக்கு வேண்டியது அவ்வளவே. காங்கிரஸ்காரர்களும், தொழிற்சங்கத்தாரும், பங்குகளின் பக்த சபை இளைஞர்களும் அவரவர் வழியில் இவற்றை நடத்தினார்கள். பெயர்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மலைமேல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் கல்வி வசதி செய்துதர வகை செய்தது. அதுவரை கொழுந்துக் கூடைக்குப் பக்கத்திலேயே பால்யம் கழிந்தது.

இந்த இடத்தில் பிற சமயத்து நல்லோரையும் நன்றியோடு குறிப்பிடுவது நம் கடமை. பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926-ல் அமைத்த அறநிலையமும், திரு. தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் கோவையின் கல்வியை எங்கோ கொண்டுபோய் வைத்தன. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த திரு. சி. சுப்பிரமணியம் அவர்கள் 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராகக் கல்வித் துறையையும் கவனித்தார். அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்ற திட்டம் 1954-ல் கைவிடப்பட்டதும், காமராசர் ஆட்சியில் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியதும் அவருடைய பொறுப்புக் காலத்தில்தான்.

மதிய உணவு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கும் என்பதை அன்று பலர் கேலி செய்தார்கள். பசித்த வயிறு பாடம் கேட்காது என்பதைத் தாய்மாரிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த அத்திட்டம், 2022 செப்டம்பரில் காலை உணவாகவும் நீண்டிருக்கிறது. இடைக்காலத்தில் நம் பங்குகளிலும் கத்தோலிக்க நிவாரணச் சேவையின் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மூட்டைகளால் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுந்த ஏச்சுப் பேச்சுக்களும் உண்டு. 1962-ல் காரித்தாஸ் இந்தியா தொடங்கப்பட்ட பின், கொடுப்பதோடு நிற்காமல் மக்களைத் தம் காலில் நிற்கச் செய்யவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

பங்கு அளவில், சத்தமில்லாமல் இத்தொண்டைச் செய்துவருவது வின்சென்ட் தே பவுல் சபை. 1833 ஏப்ரலில் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தம் தோழர்களுடன் இதைத் தொடங்கினார். ஏழைகளின் குடிசைக்குள் எப்படி நுழைவது என்று அந்தப் படித்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசாலி ரெந்து என்ற கன்னிகை. நம் கோவையில் காணிக்கை மாதா சபை தோன்றிய அதே 1853-ல்தான் ஓசானாம் காலமானார். 1863-ல் இச்சபை இந்தியாவுக்கு வந்தது. இன்றும் அதே வழக்கம்: வாரக் கூட்டம், கூட்டத்தின் முடிவில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி சுற்றிவரும் பை, இருவர் இருவராக வீடு சந்திப்பு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப்புத்தகம், சீருடை, கட்டணம் என்று கேட்டு வருவோர் பட்டியல் நீளும். வீடு சந்திப்பின் அருமையை நாம் இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். பணம் மட்டும் கொடுத்தால் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று தெரியாது. வீட்டுக்குப் போனால், மூத்த பெண் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பது தெரிந்துவிடும்.

பள்ளியில் சேர்வது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு என்பதை நாடு காலம் தாழ்த்தித்தான் உணர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 84 சதவீதம், ஈரோடு 72.58, தருமபுரி 68.54. பெருமைப்படலாம் என்று நினைத்திருந்த வேளையில் 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். ஏறத்தாழ 19 மாதங்கள். முதல் வகுப்பில் இருந்த பிள்ளை பள்ளியையே காணாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது. 2022-ல் நாட்டுப்புறங்களில் 'அசர்' அமைப்பு நடத்திய ஆய்வில், தமிழகத்தில் 3-ஆம் வகுப்பில் படிப்போரில் 2-ஆம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை என்று தெரிந்தது. 5-ஆம் வகுப்பில்கூடக் கால்வாசிப் பேரே.

அரசு அந்நேரத்தில் பழைய திண்ணையையே நாடியது என்று சொல்லலாம். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. தன்னார்வலர் ஒருவர், சுமார் 20 பிள்ளைகள், மாலை 5 மணிக்கு மேல் ஒன்று, ஒன்றரை மணி நேரம். இடம் கோவில் திண்ணையோ, சமுதாயக் கூடமோ, சொந்த வீட்டு வாசலோ. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதற்காக வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 1990-களின் அறிவொளி இயக்கத்தில் கூலியின்றிக் கற்பித்த தொண்டர்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள்.

மாலை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைப் படபடவென்று ஒப்பிப்பான். புத்தகத்தின் வேறொரு பக்கத்தைத் திருப்பி ஒரு சொல்லைச் சுட்டினால் வாய் மூடிவிடும். மனப்பாடம் அவனைக் காத்து வந்திருக்கிறது. லகர ளகர ழகரமும், ரகர றகரமும் அவனுக்கு ஒன்றே. கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பதில் தடுமாற்றம். இவனை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தோடு கட்டிப்போடுவதால் பயனில்லை. எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், வாக்கியம் வாசிப்பவர் என்று, வகுப்பைப் பாராமல் தரத்தைப் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கவேண்டும். வாசிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் சின்னவர்கள் மூவரை ஒப்படைத்தால், ஆசிரியையிடம் கேட்கக் கூசுவதை அவர்கள் அக்காவிடம் கேட்பார்கள். சட்டாம்பிள்ளை மறுபடி வந்துவிட்டான். இம்முறை பெரும்பாலும் சட்டாம்பெண்! திருப்பூர்ப் பக்கத்திலோ இன்னொரு சிக்கல். பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் பேசத் தெருவிலே கற்றுக்கொள்கிறார்கள், எழுதத் தெரியாது. தாய்மொழியிலும் எழுதத் தெரியாது. அவர்களுக்கு எந்த மொழியில் தொடங்குவது என்பதற்கு நம்மிடம் எளிய விடை இல்லை. இரண்டும் தெரிந்த ஒருவர் அந்தக் காம்பவுண்டிலேயே கிடைத்தால்தான் வேலை நடக்கிறது.

நம் மக்களின் எழுத்தறிவைக் காட்டும் ஒரு சான்று ஒவ்வொரு பங்கின் அலமாரியிலும் இருக்கிறது. பிரான்சு நாட்டில் லூயி மாஜியோலோ என்ற கல்வி அதிகாரி, 1877 முதல் 1879 வரை, ஊர்ப்புறத்து ஆசிரியர்கள் ஏறத்தாழ 16,000 பேரைத் துணைக்கு அழைத்தார். அவர்கள் ஊதியம் எதுவும் பெறாமல், பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டி, மணமக்களில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், எத்தனை பேர் கையெழுத்திடத் தெரியாதிருந்தார்கள் என்று எண்ணி அனுப்பினார்கள். அதைக் கொண்டே, 1686 முதல் அந்நாட்டில் எழுத்தறிவு எப்படி வளர்ந்தது, ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு என்று இன்றும் வரலாற்றாசிரியர்கள் பேசுகிறார்கள்.

அதே முறையை நம் பங்கிலும் செய்து பார்க்கலாம் என்பது நம் எண்ணம். திருமணப் பதிவேட்டில் மணமகன் கையெழுத்து, மணமகள் பெருவிரல் ரேகை என்று வரிசையாக வந்து, பிறகு ஒரு பக்கத்தில் முதல் முறையாக மணமகளின் கையெழுத்தும் தோன்றும். எந்த ஆண்டில், எந்தத் தெருவில் அது தொடங்கியது என்று தெரிந்தால், சகோதரிகளும் உபதேசியார்களும் இரவுப் பள்ளி இளைஞர்களும் செய்த வேலையின் அளவு தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழில் வந்தபோது, பீடத்தருகே நின்று முதல் வாசகம் வாசிக்கப் பொதுநிலையினர் தேவைப்பட்டார்கள். அன்று முன்வந்த பெண்கள் யார் யார், அவர்கள் எங்கே படித்தவர்கள் என்பதையும் மூத்தோரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பங்குத் தந்தையின் அனுமதியோடு, பெயர்களை வெளியிடாமல், கையெழுத்தையும் ரேகையையும் மட்டும் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எண்ணினால் போதும். இளைஞர் இயக்கத்தார் நால்வர் முனைந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும். பழைய பள்ளிக் குழுப்படம், வருகைப் பதிவேடு, சிலேட்டு, ஞானோபதேசப் புத்தகம் ஆகியவற்றை வைத்திருப்போர் விழாக் குழுவினரிடம் காட்டினால், படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.